பஸ் மோதினால் தீர்ப்பாயம், சுவர் விழுந்தால் நிவாரணமா?

பெறுநர்:
செயலாளர், சட்டத் துறை,
தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

2019 டிசம்பர் 2 அன்று விடிவதற்குள், மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனியார் வீட்டின் சுற்றுச்சுவர் மழையில் இடிந்து பக்கத்து வீடுகளின் மேல் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டோம், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று ஊரார் அழுதார்கள். அரசு முதலில் தலைக்கு ரூ.4 லட்சம் என்றது. மக்கள் கொந்தளித்த பிறகு அது ரூ.10 லட்சம் ஆனது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதற்கும் ரூ.10 லட்சம். இரண்டு முறையும் ஆட்சியில் இருந்த கட்சி வேறு. நடைமுறை ஒன்றே.

நிவாரணம் கொடுத்ததை நாங்கள் குறை சொல்லவில்லை. அடக்கச் செலவுக்கே வழியில்லாத வீட்டுக்கு அது வேண்டும். ஆனால் அது வரிப்பணம். சுவரின் சொந்தக்காரர் தர வேண்டியதை ஊர் சேர்ந்து கொடுத்தால், அடுத்த சுவரின் சொந்தக்காரர் எதற்காக அச்சப்பட வேண்டும்? தொகையும், செய்தி எத்தனை நாள் ஓடியது, எத்தனை பேர் மறியலில் உட்கார்ந்தார்கள் என்பதைப் பொறுத்தே ஏறுகிறது. தனி ஆளாக விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவருக்கு எந்த அறிவிப்பும் வருவதில்லை.

அப்படி ஒருவர் எப்படி விழுகிறார் என்பதை மழைநீர் வடிகால் வேலை நடக்கும் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். சிலாப்பைத் தூக்கிப் பக்கத்தில் சாத்தியிருப்பார்கள். பள்ளத்துக்குள் ஒரு சவுக்குக் கம்பு, அதன் நுனியில் சிவப்புத் துணி. துருப்பிடித்த கம்பிகள் ஒரு முழத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பகலில் எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் ஒரு மழை பெய்து முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் ரோடும் பள்ளமும் ஒன்றாகிவிடும், கம்பும் சாய்ந்துவிடும்.

ஒரு பேச்சுக்கு, வேலை முடிந்து வரும் 35 வயதுக் கொத்தனார் ஒருவர் அதில் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொடை எலும்பு முறிந்து, ப்ளேட் வைத்து ஆபரேஷன் நடக்கிறது. இனி அவர் சாரம் ஏற முடியாது. இதே கால் பஸ் மோதி முறிந்திருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. விபத்து அறிக்கையைப் போலீஸே அங்கே அனுப்ப வேண்டும். பணம் தர இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கிறது. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே, மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவில் படுகாயத்துக்கு ரூ.2.5 லட்சமும் உயிரிழப்புக்கு ரூ.5 லட்சமும் கேட்கலாம்.

வடிகாலில் முறிந்த காலுக்கு இவை எதுவும் கிடையாது. சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ரூ.20 லட்சம் கேட்டால், நம் மாநிலத்தின் 3 சதவீதக் கணக்கில் கோர்ட் கட்டணம் மட்டும் ரூ.60,000. 2017-க்கு முன் இது 7.5 சதவீதம், குறைத்தது நல்ல காரியம். ஆனாலும் படுத்த படுக்கையாக இருப்பவர் ரூ.60,000-க்கு எங்கே போவார்? இலவச சட்ட உதவி இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து அதைச் சொல்ல ஆள் இல்லை. அரசு மீது வழக்கென்றால் இரண்டு மாத முன்னறிவிப்பு நோட்டீஸ். காலவரம்புச் சட்டத்தின் 72-வது இனத்தைக் காட்டி, ஒரு வருடம் தாண்டிவிட்டது, வழக்கே செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதாடவும் இடம் உண்டு. அதற்குள் அவர் ஊன்றுகோலோடு நடக்கப் பழகியிருந்தாலே பெரிது.

உடைமையாளரின் பொறுப்பில் சட்டத்துக்குச் சந்தேகம் இருந்ததில்லை. டெல்லி சாந்தினி சவுக்கின் மணிக்கூண்டு 1951-இல் இடிந்து பலர் இறந்த வழக்கில், 1966-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சாலையோரக் கட்டடத்தைப் பத்திரமாக வைத்திருப்பது உடைமையாளரின் கடமை, குறை வெளியே தெரியவில்லை என்று தப்பிக்க முடியாது. அந்தக் கட்டடத்துக்கு வயது 80; அதன் சாந்து தாங்கும் காலம் 40, 45 வருடம்தான். மாநகராட்சி பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் அதற்கு 15 வருடம் ஆனது.

அனுமதி தந்த அதிகாரிகள் விஷயத்தில்தான் சிக்கல். 1997 ஜூன் 13-இல் டெல்லி உப்ஹார் தியேட்டர் தீயில் 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுத் தொகையைக் குறைத்தது. தியேட்டர் 85 சதவீதம், மின்வாரியம் 15 சதவீதம் என்று பிரித்தது. உரிமம் கொடுத்த போலீஸையும் மாநகராட்சியையும் விடுவித்தது. எங்களுக்கு இது இன்றும் ஏற்க முடியாத தீர்ப்பு. வெளியேறும் வழி அடைபட்ட தியேட்டருக்குத் திரும்பத் திரும்ப உரிமம் நீட்டித்த கைக்குப் பொறுப்பே இல்லையென்றால், ஆய்வு என்பதற்கு என்ன மதிப்பு?

குற்றவியல் வழி இருக்கிறதே என்று சொல்லலாம். கட்டடத்தை இடிக்கும்போதோ பழுதுபார்க்கும்போதோ கட்டும்போதோ அது விழுந்து உயிருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறியவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 290-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் அடிபட்டவர் கைக்கு ஒரு ரூபாய்கூட வருவது நிச்சயமில்லை.

2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், சாலைக் குழியிலும் திறந்த மேன்ஹோலிலும் விழுந்து இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.6 லட்சம், காயத்துக்கு ரூ.50,000 முதல் ரூ.2.5 லட்சம் என்று வரையறுத்தது. சட்டமன்றம் செய்ய வேண்டியதை அங்கே கோர்ட் செய்தது. கோர்ட் சொல்லும் வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டாம். குடிமைத் தீங்குகள் பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் அரசமைப்பின் பொதுப் பட்டியல் 8-வது இனத்திலேயே மாநிலத்துக்கு இருக்கிறது. கோர்ட் கட்டணமும் மாநிலத்தின் கையில்தான் இருக்கிறது. கட்டடத்தின் ஆபத்தால் வரும் காயத்துக்கு யார் பொறுப்பு என்பதற்கு இங்கிலாந்து 1957-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டது. இந்தியாவில் இன்றுவரை இல்லை.

புதிய கட்டடமோ புதிய நீதிபதிகளோ கேட்கவில்லை. விபத்துத் தீர்ப்பாயங்களே சுவர், படிக்கட்டு, லிஃப்ட், வடிகால், பேனர், ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றால் வந்த காயத்தையும் கேட்கலாம். தவறை நிரூபிக்கும் முன்பே ஒரு குறைந்தபட்சத் தொகை வர வேண்டும். கல்யாண மண்டபம், தியேட்டர், பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் உரிமம் தரக் கூடாது. சின்ன உடைமையாளர் நொடித்துப்போவார் என்ற கவலைக்கும் அதுதான் பதில். ஆட்டோக்காரரே வருடாவருடம் அதைக் கட்டித்தான் வண்டி ஓட்டுகிறார். எழுத்தில் புகார் வந்தும் அசையாத அதிகாரி தொகையில் ஒரு பங்கைத் தன் சம்பளத்திலிருந்து கொடுக்கட்டும். இது கசக்கும். நடூரில் புகார் சொன்ன அன்றே ஓர் அதிகாரி வந்து பார்த்திருந்தால் 17 பேர் பிழைத்திருப்பார்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரில் இதற்கான மசோதாவைக் கொண்டுவர உங்கள் துறை வரைவு தயாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்