ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்

1971. பங்களாதேஷ் போருக்குத் தப்பி வந்த அகதிகளால் மேற்கு வங்க எல்லை ஊரான போன்காவ் நிரம்பி வழிந்தது. கூடவே காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருக்க, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார்: உப்புக் கரைசலை வாய் வழியாகவே கொடுப்பது. லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தா ஆய்வு மையம் ஒன்றின் நூலக அறையில் நிறுத்து, பாலிதீன் பைகளில் அடைத்து, முகாமில் டிரம்களில் கரைத்தார்கள். சில முகாம்களில் 30 சதவீதம்வரை போயிருந்த சாவு, அவர் குழுவிடம் சிகிச்சை பெற்றவர்களிடையே 3.6 சதவீதம்தான்.

அந்த அளவுகள் கண்மதிப்பில் போட்டவை அல்ல. சமையல் உப்பின் மூலக்கூறு எடை 58.5. 3.5 கிராமை அதால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 60 மில்லிமோல் சோடியம். சோடாவின் மூலக்கூறு எடை 84; அதிலிருந்து 30. ஆக, லிட்டருக்கு 90. குளுக்கோஸும் ருசிக்காகச் சேர்த்தது அல்ல. காலராவால் நிலைகுலைந்த குடலும் சர்க்கரை துணைக்கு இருந்தால் உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும்; பின்னாலேயே தண்ணீரும் போகும்.

2002இல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கணக்கைத் திருத்தியது. சோடியம் 75, குளுக்கோஸும் 75. சற்று நீர்த்த இந்தக் கரைசலில் குழந்தைகளுக்கு வாந்தி குறைந்தது, டிரிப் ஏற்றவேண்டிய தேவையும் குறைந்தது. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இந்த அளவில் தயாரானதுதான்.

விஞ்ஞானிகள் இவ்வளவு நுணுக்கமாகப் போட்ட கணக்கு வீட்டு டம்ளரில்தான் கவிழ்கிறது. குழந்தை ஒரு லிட்டரா குடிக்கப்போகிறது என்று பொட்டலம் முழுவதையும் 200 மில்லி தண்ணீரில் கொட்டினால் செறிவு ஐந்து மடங்கு: சோடியம் 375. ரத்தத்தில் இருப்பதோ ஏறக்குறைய 140. குடலிலிருந்து உடம்புக்குள் போகவேண்டிய தண்ணீர் உடம்பிலிருந்து குடலுக்குத் திரும்பும். பேதி அதிகமாகும், ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பும் வரலாம். கூடுதல் சர்க்கரை போட்டாலும் பேதி கூடும். மாறாக இரண்டு லிட்டரில் கரைத்தால் சோடியம் 37.5, இழந்த உப்பு ஈடாகாது.

டம்ளரில் கரைத்துவிட்டால் கொட்டவேண்டாம். இன்னும் 800 மில்லி தண்ணீர் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். பொட்டலத்தைப் பாதி பாதியாகப் பிரிப்பதும் சரியல்ல; தூள்கள் சமமாகக் கலந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. குறைவாக வேண்டுமானால் 200 மில்லிக்கான சிறிய பொட்டலம் தனியாகவே விற்கிறது. அளவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். கரைத்தது 24 மணி நேரத்துக்குமேல் இருந்தால் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைக்கவேண்டும்.