குணமளிக்கும் அறிவியல் யாருக்கு? அரிவாள் செல் நோயும் குருத்தணுச் சிகிச்சையும்

2023 நவம்பரில் பிரித்தானியாவும், டிசம்பர் 8 அன்று அமெரிக்காவும் அரிவாள் செல் நோய்க்கான ‘கேஸ்ஜெவி’ என்னும் சிகிச்சைக்கு அனுமதி அளித்தன. கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்த முறையில் உருவாகி, உலகில் முதன்முதலாக அனுமதி பெற்ற மருந்து இது. அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கான இதன் விலை 22 இலட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய். இந்தியாவில் இந்நோயைச் சுமப்போரில் பெரும்பாலோர் பழங்குடியினரும் தலித்துகளும் ஆவர். ஆகவே இதை வெறும் அறிவியல் செய்தியாகக் கடந்துவிட நம்மால் இயலாது.

ஒற்றை மரபணுப் பிழையால் ஹீமோகுளோபின் மாறுபட, சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து இரத்த நாளங்களை அடைக்கின்றன. தாங்கவொணா வலி, பக்கவாதம், உறுப்புச் சேதம், இளவயது மரணம் ஆகியவை அதன் விளைவுகள். புதிய சிகிச்சையில் நோயாளியின் குருத்தணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, உடலிலிருந்து பிரித்தெடுத்து ஆய்வகத்தில் திருத்துகின்றனர். கருவிலிருக்கும்போது சுரந்து பின்னர் அடங்கிவிடும் ஹீமோகுளோபினை அவை மீண்டும் உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. சோதனையில் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேர், தொடர்ந்து 12 மாதங்களேனும் கடும் வலித்தாக்குதல் இன்றி வாழ்ந்தனர். ஆயினும் திருத்திய அணுக்களைச் செலுத்துமுன் கடுமையான வேதிமருந்தால் எலும்பு மஜ்ஜையை வெறுமையாக்க வேண்டும். வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்க வேண்டும். மலட்டுத்தன்மை ஏற்படும் இடரும் உண்டு.

நோயின் சாதியும் நிலமும்

இந்தியாவில் இந்த மரபணு 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குப் புலம்பெயர்ந்த தொழிலாளரிடமும் அது காணப்பட்டது. ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், குஜராத் எனப் பரவிக்கிடக்கும் இந்நோய், விதர்பாவில் மகர் சமூகத்தினரிடையே கணிசமாக உள்ளது. இம்மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு மலேரியாவிடமிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. மலேரியா மிகுந்த நிலங்களில் அது நிலைத்ததற்கு அதுவே காரணம். இதில் எந்தச் சமூகத்தின் ‘குறை’யும் இல்லை. இருவரிடமிருந்தும் பெறும் குழந்தைக்கே நோய் வருகிறது. சமூகங்களை அகமண வேலிக்குள் அடைத்துவைக்கும் அமைப்பு அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது. அகமணமே சாதியின் உயிர்நாடி என அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே நிறுவினார்.

1949இலேயே மூலக்கூறு அளவில் விளக்கப்பட்ட முதல் நோய் இதுதான். காரணம் தெரிந்தும் தீர்வுக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலானதை நோயாளிகளின் சமூக இடத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலுமா?

விலையும் சட்டமும்

மருந்தின் விலை எட்டாக்கனியானால் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு கட்டாய உரிமத்துக்கு வழி திறக்கிறது. 2012இல் நெக்ஸவார் என்னும் புற்றுநோய் மருந்துக்கு அவ்வுரிமம் வழங்கப்பட்டதால், மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த செலவு 9,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. ஆனால் மாத்திரையைப் படியெடுப்பதுபோல் குருத்தணுச் சிகிச்சையைப் படியெடுக்க முடியாது. ஆய்வகம், பயிற்சி பெற்றோர், மஜ்ஜை மாற்றுப் பிரிவு ஆகிய அனைத்தும் தேவை. அரசே கட்டியெழுப்பாவிடில் உரிமம் வெறும் காகிதமாகவே எஞ்சும்.

இந்நிலையில் ஒன்றிய அரசின் சிஎஸ்ஐஆர் ஆய்வு நிறுவனம் ‘பிர்சா 101’ என்னும் உள்நாட்டுச் சிகிச்சையை உருவாக்கி, 2025 நவம்பரில் அறிவித்திருப்பது வரவேற்கத்தக்கது. அதன் தொழில்நுட்பம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு வழங்கப்படுகிறது. மக்கள் வரிப்பணத்தில் பிறந்த அறிவு தனியார் கைக்குச் செல்கையில், விலை வரம்பும் அரசு மருத்துவமனைகளுக்கான இலவச ஒதுக்கீடும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். பழங்குடி விடுதலை வீரரின் பெயரைச் சூட்டினால் போதாது. அவருடைய மக்களுக்கு மருந்து சென்று சேர வேண்டும்.

யார் உடலில் சோதனை?

சோதனைக்கு நம் உடல்களும், பயனுக்குப் பிறர் உடல்களும் என்னும் வரலாறு நாம் அறியாததன்று. 2009–10இல் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகள் பலருக்கு ஒரு தடுப்பூசித் திட்டத்தில் ஊசி போடப்பட்டபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையொப்பமிட்டனர். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள், குருத்தணுவிலிருந்து பெறும் பொருள்களையும் மரபணுச் சிகிச்சைப் பொருள்களையும் எக்காலத்தும் ‘புதிய மருந்து’ என்றே வகைப்படுத்துகின்றன. சோதனையில் பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் கோருவது நம் உரிமை. மலட்டுத்தன்மை இடரைத் தாய்மொழியில் விளக்காமல் பெறும் கையொப்பம் ஒப்புதல் ஆகாது.

பரிசோதனையிலும் விழிப்பு வேண்டும். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்துள்ளது. முடிவுகள் அட்டைகளாக வழங்கப்படுகின்றன. 1970களில் அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தியபோது, நோயற்ற மரபணுக் கடத்திகளுக்கும் வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டன. இங்கு அந்த அட்டை மற்றுமொரு சாதிச் சான்றிதழாக மாறிவிடக் கூடாது.

இன்றே செய்யக்கூடியவை

பல கோடிச் சிகிச்சை வரும்வரை நோயாளிகள் காத்திருக்க இயலாது. ஹைட்ராக்ஸியூரியா என்னும் விலை குறைந்த மாத்திரை வலித்தாக்குதல்களைக் குறைக்கும். அது ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். பழங்குடிப் பகுதிகளை மையமாகக் கொண்ட தேசிய இயக்கத்தில் அவற்றுக்கு வெளியே வாழும் தலித் நோயாளிகளும் விடுபடாமல் சேர்க்கப்பட வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயை மாற்றுத்திறன்களுள் ஒன்றாக ஏற்கிறது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புள்ளோர் உயர்கல்வி இடஒதுக்கீட்டைக் கோரலாம். ஆனால் அரசுப் பணி ஒதுக்கீட்டுக்கான 34ஆம் பிரிவின் பட்டியலில் இரத்த நோய்கள் இல்லை. அது திருத்தப்பட வேண்டும். கல்லூரிகளில் பயிலும் தோழர்கள் தம் வளாகத்தில் இந்நோயுடன் போராடும் மாணவர் எவரேனும் இருப்பின், சான்றிதழ் பெறவும் வருகைப்பதிவில் விலக்குக் கேட்கவும் துணைநிற்க வேண்டும்.

அரசமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதியளிக்கும் உயிர்வாழும் உரிமையில் மருத்துவ உரிமையும் அடங்கும். உடலைப் புதுப்பிக்கும் அறிவியல் வந்துவிட்டது. அது சேரிக்கும் மலைக்கும் வந்து சேருமா என்பதை ஆய்வகம் தீர்மானிக்காது. நம் போராட்டமே தீர்மானிக்கும்.