ரெஜிஸ்டரில் 1:3, நைட் ஷிப்டில் 1:15: செவிலியர் கணக்கு எங்கே இடிக்கிறது?

உங்கள் ஆபீஸில் எச்.ஆர். அனுப்பும் சர்வே ஞாபகம் இருக்கிறதா? 'பெயர் போட வேண்டாம்' என்பார்கள். ஆனால் எந்த டீம், என்ன வயது, எத்தனை வருட அனுபவம் என்று கேட்டிருப்பார்கள். நாலு பேர் டீமில் ஆளைக் கண்டுபிடிக்க அது போதாதா? 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று டிக் அடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள்.

மருத்துவமனை வார்டிலும் இதே கதைதான். அங்கே பாதிப்பு நோயாளிக்கு.

ஒரு செவிலியருக்கு எத்தனை பேர்?

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி, போதனை மருத்துவமனைகளில் 3 நோயாளிகளுக்கு 1 செவிலியர். மற்ற பொது மருத்துவமனைகளில் 5 பேருக்கு 1. இந்த விகிதத்தை பணியாளர் பட்டியலை மட்டும் வைத்துப் போட்டால் என்ன ஆகும்?

ஒரு வார்டில் 30 படுக்கை, 10 செவிலியர் என்று வைத்துக்கொள்வோம். ரெஜிஸ்டரில் 1:3. ஆனால் ஒரு நாளைக்கு 3 ஷிப்ட். வார விடுமுறை, லீவு என்று 2 பேர் வரவில்லை. மீதி 8 பேர்: காலையில் 3, மதியம் 3, இரவில் 2. அப்படின்னா இரவில் ஒருவருக்கு 15 நோயாளிகள். ஒரு செவிலியர் அவசரமாக ஒருவரை ஐ.சி.யு.வுக்கு அழைத்துப் போனால், இன்னொருவர் பொறுப்பில் மொத்த வார்டும். யாருமே லீவு எடுக்காவிட்டாலும் 1:10-தான்.

கலிபோர்னியாவில் 2004 முதல் நடைமுறையில் உள்ள விதி வேறு மாதிரி. அங்கே எண்ணுவது அந்த நேரத்தில் டியூட்டியில் இருப்பவர்களை. பொது வார்டில் ஒருவருக்கு 5 நோயாளிக்கு மேல் கூடாது, ராத்திரியாக இருந்தாலும்.

எண்ணிக்கை உயிரைத் தொடுமா?

தொடும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை லிண்டா எய்கன் குழு ஆராய்ந்தது. ஒரு செவிலியருக்குக் கூடும் ஒவ்வொரு நோயாளிக்கும், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதம் 7% கூடியிருந்தது (2002). நூற்றுக்கு 7 பேர் இறப்பார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் ஆபத்து அந்த அளவு கூடுகிறது.

'சோதனை செய்தே நிரூபிக்கலாமே?' என்று கேட்கலாம். வேண்டுமென்றே ஆள் குறைத்த வார்டில் நோயாளிகளைப் போட்டு, யார் பிழைக்கிறார்கள் என்று பார்க்க முடியுமா? நெறிமுறை அதை அனுமதிக்காது. அதனால்தான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-ல் விகிதத்தைச் சட்டமாக்கியபோது, சட்டம் அமலான 27 மருத்துவமனைகளையும் அமலாகாத 28-ஐயும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2021-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: செவிலியர் கூடிய இடங்களில் நோயாளிகளின் நிலை மேம்பட்டிருந்தது.

நம் ஊரில் டேட்டா எங்கிருந்து வரும்?

பெரும்பாலும் செவிலியர்களிடம் கேட்டுத்தான். இங்கேதான் இடிக்கிறது. கேள்வித்தாளைக் கொடுப்பவர் சில இடங்களில் அவர்களுக்கு டியூட்டி போடும் மேலதிகாரியே. 'நேற்று எந்த வேலை விட்டுப்போச்சு?' என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்னால், அது ஆய்வுக்கான பதிலா, தன் மேல் தானே எழுதும் புகாரா? மேலதிகாரி நீட்டும் ஒப்புதல் படிவத்தில் 'மாட்டேன்' என்று சொல்லத்தான் முடியுமா?

ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்கள் இதை யோசித்திருக்கின்றன. மேலதிகாரிக்குக் கீழே வேலை செய்பவர்களுக்கும் மாணவர்களுக்கும் கூடுதல் பாதுகாப்பு தேவை என்கின்றன. ஒப்புதல் சுயவிருப்பத்தில் இருக்க வேண்டும்; எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; அதனால் எந்த நஷ்டமும் வரக் கூடாது.

இதை வெறும் ஃபார்மாலிட்டி என்று நினைத்தால், போவது டேட்டாதான். பயந்து எழுதிய பதில்களைக் கூட்டினால், 'பணிச்சுமை சமாளிக்கக்கூடியதே' என்ற அழகான முடிவு கிடைக்கும். அதைக் காட்டி, கூடுதல் ஆள் தேவையில்லை என்று ஃபைலை மூடிவிடலாம்.

அடுத்த முறை இப்படியொரு சர்வே செய்தியைப் படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். படிவத்தைக் கொடுத்ததும் வாங்கியதும் யார்? பதிலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? ஷிப்ட் வாரியாக எண்ணினார்களா?

அம்மாவை அட்மிட் செய்யும் நாளில் இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'சிஸ்டர், இன்னைக்கு நைட் இந்த வார்டுல எத்தனை பேர் இருப்பீங்க?' பதிலைக் கேட்டு அவரிடம் கோபப்படாதீர்கள். அந்த எண்ணை முடிவு செய்தவர் அவர் இல்லை.