கல்லூரிக் கணக்கு உதவாது

அமெரிக்கக் காற்பந்தில், பந்தை எறியுமுன் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது 'சாக்'. இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டனீல் ஹண்டர் 2014 பருவம் முழுவதும் பெற்றது 1.5 மட்டுமே. ஓட்டக்காரனின் உடல், ஆனால் தடுப்பாளனின் கையைத் தட்டி நுழையும் வித்தை கைவரவில்லை. 2015 தெரிவில் 88ஆவதாகவே மினசோட்டா அவரை எடுத்தது. 2018இல் அவர் பெற்றது 14.5!

மாறாக, 2007இல் ஒகையோ மாநில அணிக்காக 14 சாக் குவித்தவர் வெர்னன் கோல்ஸ்டன். அவரும் கட்டுடல் வீரரே. 2008இல் நியூயோர்க் ஜெட்ஸ் அவரை 6ஆவதாகத் தெரிவுசெய்தது. மூன்று பருவங்களில் ஒன்றுகூட இல்லை.

எனவே, பழகாத வீரனை எடைபோடும்போது கல்லூரிக் கணக்கை நான் பெரிதாக மதிப்பதில்லை. கற்கும் வேட்கை அவனிடம் உண்டா, கற்பிக்கும் பொறுமை அணிக்கு உண்டா என்றே கேட்பேன். மூன்றாம் சுற்றில் வந்த ஹண்டருக்கு மாற்று வீரராகப் பழக அவகாசம் வாய்த்தது. ஆறாவதாக வந்தவரிடம் முதல் நாளே விளைச்சலை எதிர்பார்த்தார்கள்.