மவுஸுக்கு ஏன் இத்தனை மவுசு?

கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே மவுஸைத்தான் கையில் திணிக்கிறார்கள். கீபோர்டிலேயே எல்லா வேலையையும் முடிக்கலாம் என்று நான் சொன்னால், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு சார் இந்த வித்தையெல்லாம்?" என்று சிரிக்கிறார்கள். இது வித்தை இல்லை. கம்ப்யூட்டரில் யார் வேலை செய்யலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிற விஷயம். எனவே இந்தப் பதிவில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்தருள்க.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். முதலில் விரல் பழகியது பிரெஞ்சுக்காரர்களின் 'அஸெர்ட்டி' வரிசை டைப்ரைட்டரில். சர்க்கார் வேலைக்காக ஆங்கில வரிசையையும் பழகினேன். பிற்பாடு ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதில் இருந்தது லோட்டஸ் 1-2-3. சாய்கோட்டு விசையைத் தட்டினால் மேலே மெனு வரும். வேண்டியதை எழுத்தாலேயே தேர்ந்தெடுக்கலாம். மேஜையில் மவுஸே கிடையாது. சம்பளப் பட்டியல்கள் எல்லாம் விரல் நுனியிலேயே முடிந்தன. இன்றைய எக்செல்லில்கூட சாய்கோட்டைத் தட்டிப் பாருங்கள், மெனு விழித்துக்கொள்ளும். 1983-இல் வந்த லோட்டஸின் பழக்கத்தை அதுவும் விடவில்லை.

மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட், 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அதைச் சபையறியச் செய்து காட்டினார். அப்போது அவர் வலக்கையில் மவுஸ் இருந்தது. இடக்கைக்கு ஐந்து விசைகள் கொண்ட ஒரு சிறு கருவி இருந்தது. நடுவில் கீபோர்டும் இருந்தது. மவுஸ் ஒன்றே போதும் என்று அதைப் பெற்றவரே நினைக்கவில்லை. 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷின் கீபோர்டிலோ அம்புக்குறி விசைகளே இல்லை. கர்சரை நகர்த்த வேண்டுமா, மவுஸைப் பிடி என்கிற கதை. 1986-இல் வந்த மெக்கின்டாஷ் பிளஸ் கீபோர்டில் அம்புக்குறிகள் இடம்பிடித்தன. அன்று முதல் வரி எழுதிய அந்த எண்ணம் மட்டும் இன்னும் போகவில்லை.

மொட்டைமாடியில் நான் வைத்திருக்கும் மழைமானியின் 12 வருடக் கணக்கை 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு வைத்திருக்கிறேன். அதை இயக்க ஆர்ஸ்டூடியோ. கண்ட்ரோல்-1 தட்டினால் நிரல் எழுதும் பகுதி. கண்ட்ரோல்-2 தட்டினால் கன்சோல். கண்ட்ரோல்-என்டர் போட்டால் நிற்கிற வரி ஓடிவிடும். எஃப் 1 தட்டினால் உதவிப் பக்கம். இவ்வளவுதான் வித்தை!

எனக்குக் கை நடுக்கம் உண்டு. காப்பி டம்ளரைப் பிடிக்கலாம். மிளகளவு பொத்தானின் மேல் மவுஸ் அம்பை நிறுத்த முடியாது. அம்பு வலப்பக்கம் வழுக்கும், வேறெதையோ அமுக்கும். விசைக்கு அந்தத் தொல்லை இல்லை. தட்டினேன், விழுந்தது. என்னைப் போன்றவர்களிடம் "பழகப் பழகச் சரியாகிவிடும் சார்" என்று சொல்கிறவர்கள் நரம்பு மருத்துவர்கள் இல்லை.

என் கதையாவது பரவாயில்லை. எங்கள் தெருவில் பார்வையற்ற பையன் ஒருவன் புள்ளியியல் படிக்கிறான். திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளைக் காதில் மாட்டிக்கொண்டு சரசரவென்று கட்டளைகள் எழுதுவான். அவன் கல்லூரி ஆய்வகத்தில் தந்த பயிற்சித்தாளில் வரிக்கு வரி "வலது மேல் மூலையில் கிளிக் செய்க." எந்த விசை என்று கேட்டிருக்கிறான். "பக்கத்துப் பையன் கிளிக் பண்ணுவான், நீ சொல்லு போதும்" என்று பதில். நான் ஆபீசில் எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவன். எழுதத் தெரிந்தவனுக்கு எதற்கு ஐயா இன்னொரு கை?

நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் ஜொனாதன் காட்ஃப்ரே என்ற பார்வையற்ற புள்ளியியலாளர். எழுதிச் செய்கிற 'ஆர்' பார்வையற்றவர்களுக்கு எவ்வளவு ஏற்றது என்று 2013-இல் கட்டுரையே எழுதினார். 'பிரெயில்ஆர்' என்ற துணை நிரலையும் உருவாக்கித் தந்தார். இணையப் பக்கங்களுக்கான சர்வதேச நெறிமுறையும் 2008-இலேயே, எல்லாச் செயலும் கீபோர்டிலிருந்து இயங்க வேண்டும் என்பதை அடிப்படை நிலையான 'ஏ' நிலையிலேயே வைத்துவிட்டது. யாரும் கேட்காத சலுகையை நான் கேட்கவில்லை.

"இத்தனை விசையையும் யார் சார் மனப்பாடம் பண்றது?" என்பார்கள். மனப்பாடம் யார் செய்யச் சொன்னது? தினமும் செய்கிற வேலை எட்டோ பத்தோதான். கை தானாகக் கற்றுக்கொள்ளும். மறந்தால் ஆல்ட்-ஷிஃப்ட்-கே தட்டுங்கள், ஆர்ஸ்டூடியோ பட்டியலையே விரித்துக் காட்டும். ஆனால் பொத்தான்களைப் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாற்றி ஒளித்து வைப்பார்களே, அதைத் தேடித் தேடி மனப்பாடம் செய்வது மட்டும் சுலபமா?

கீபோர்டும் குறையற்றதல்ல. பிரெஞ்சு வரிசையில் எண்களுக்கே ஷிஃப்ட் வேண்டும். 'ஆர்' எழுத அடிக்கடி தேவைப்படும் சதுர அடைப்புக்குறிக்கு ஆல்ட்-ஜிஆர் வேண்டும். ஒரு நாட்டுக் கீபோர்டை மனதில் வைத்து அமைத்த விசைகள் இன்னொரு நாட்டு விரலைச் சுளுக்க வைக்கும். அதற்கு மருந்து மவுஸ் அல்ல. விசைகளை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் வசதிதான். ஆர்ஸ்டூடியோவில் அது இருக்கிறது. மற்றவர்களும் தரட்டும்.

படம் வரைகிறவர்களிடம் மவுஸ் தாராளமாக இருக்கட்டும்; அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. மென்பொருள் செய்கிறவர்களே, விசையில்லாத பொத்தானை வைக்காதீர்கள். வாத்தியார்களே, பயிற்சித்தாளில் "கிளிக் செய்க" என்று எழுதும் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அதற்குரிய விசையையும் எழுதுங்கள். ஒரு வரிக்கு அரை நிமிடம் ஆகும். அந்தப் பையன் தன் பரீட்சையைத் தானே எழுதுவான்.