அலமாரியில் கிடக்கும் குறுந்தகடுகளை வெளியே எடுங்கள்

போன மாதம் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். “நம்ம இதயப் பாடம் ஓட மாட்டேங்குதும்மா. பேத்திக்குக் காட்டலாம்னு போட்டேன், வெறும் வெள்ளைக் கட்டம்தான் வருது” என்றார். 2006-ல் அந்தப் பாடத்துக்கு உரை எழுதியவர் அவர். படம் வரைந்து அசைய வைத்தவள் நான்.

அப்போது சென்னை வடபழனியில் ஒரு சிறு நிறுவனத்தில் ஃபிளாஷ் அனிமேட்டராக இருந்தேன். பள்ளிகளுக்கான பாடக் குறுந்தகடுகள் தயாரிப்பதுதான் எங்கள் வேலை. இதயம் நிமிடத்துக்குச் சராசரியாக 72 முறை துடிக்கிறது. எங்கள் டைம்லைன் நொடிக்கு 12 ஃபிரேம் ஓடும். கணக்குப் போட்டால் ஒரு துடிப்புக்குச் சரியாக 10 ஃபிரேம். ஒரு ஃபிரேமில் ஆரிக்கிள்கள் சுருங்கும், அடுத்த நான்கில் வென்ட்ரிக்கிள்கள் சுருங்கும், மீதி ஐந்தில் இதயம் ஓய்வெடுக்கும். “அந்த ஓய்வைக் குறைச்சிடாதம்மா, பிள்ளைங்க பார்க்க வேண்டியதே அதுதான்” என்று சார் பக்கத்தில் நின்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. பாடநூலில் ஒரு நிலைப்படத்தால் காட்ட முடியாததை அந்த ஐந்து ஃபிரேம்கள் காட்டின.

இப்படிச் செய்த பாடத்தை எஸ்.டபிள்யூ.எஃப் என்ற கோப்பாக வெளியிடுவோம். 1996-ல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் வந்த மென்பொருளை மேக்ரோமீடியா வாங்கி ஃபிளாஷ் ஆக்கியது. 2005-ல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. படத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல், கோடும் வளைவுமாகக் கணக்கில் வைத்துக்கொள்வதால் கோப்பு மிகச் சிறியதாக இருக்கும். டயல்-அப் இணைப்பிலும் பழைய பள்ளிக் கணினியிலும் அது ஓடியதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கோப்புகளை ஓட்டும் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-உடன் அடோபி நிறுத்திக்கொண்டது. அடுத்த மாதம் 12-ம் தேதி முதல் பிளேயரே கோப்புகளை ஓட்ட மறுத்தது. நிறுத்தியது தவறு என்று நான் சொல்லவில்லை. ஃபிளாஷில் பாதுகாப்பு ஓட்டைகள் ஏராளம். 2007-ல் வந்த ஐபோன் அதை ஏற்கவே இல்லை. 2017 ஜூலையிலேயே அடோபி முன்னறிவிப்பும் கொடுத்துவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தும், பிள்ளைகளுக்காகச் செய்த பாடங்களைப் பத்திரப்படுத்த நாம் முனையவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. அவகாசத்தைத் தவறவிட்டவர்கள் நாம் மட்டுமல்ல. தென்னாப்பிரிக்க வருவாய்த் துறை, தன் படிவங்கள் ஃபிளாஷில் இருந்ததால், அவற்றைத் திறப்பதற்கென்றே 2021 ஜனவரியில் ஒரு தனி பிரவுசரை வெளியிட வேண்டியிருந்தது.

சாரின் குறுந்தகட்டை வாங்கிவந்து, ரஃபிள் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். தன்னார்வலர்கள் உருவாக்கியது அது. இணைய ஆவணக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பர் முதல் பழைய ஃபிளாஷ் படைப்புகளை அதைக் கொண்டுதான் ஓடவிடுகிறது. இதயம் துடித்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆனால் கேள்விப் பகுதிக்குப் போனதும் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளாக இருந்தன. அன்று நாங்கள் பாமினி எழுத்துருவில் தட்டினோம். அதில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிவாகும். எழுத்துருவையும் கோப்புக்குள் பொதிந்த இடங்களில் தமிழ் அப்படியே நிற்கிறது. கோப்பின் எடையைக் குறைக்க, கேள்விகளுக்கு மட்டும் பொதியாமல் விட்டிருந்தேன். மூலக் கோப்பான எஃப்.எல்.ஏ இருந்தால் அரை நாளில் திருத்திவிடலாம். நிறுவனத்தை மூடியபோது கணினிகளோடு அதுவும் போய்விட்டது.

ரஃபிள் போன்ற ஒன்று எப்படிச் சாத்தியமானது என்பதிலேயே நமக்கான பாடம் இருக்கிறது. எஸ்.டபிள்யூ.எஃப் கோப்பின் அமைப்பை மேக்ரோமீடியா 1998-ல் வெளியிட்டது. அதன் மீதிருந்த உரிமக் கட்டுப்பாடுகளை 2008-ல் அடோபி நீக்கியது. பிளேயர் செத்தாலும் கோப்பின் இலக்கணம் ஊரறிய இருந்ததால், வேறு யாரோ வந்து அதை உயிர்ப்பிக்க முடிந்தது.

எனவே மூன்று காரியங்கள் உடனே நடக்க வேண்டும். பள்ளிகளும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும் நூலகங்களும் தம் அலமாரிகளில் உள்ள பாடக் குறுந்தகடுகளை இந்த ஆண்டே படியெடுக்க வேண்டும். குறுந்தகடும் காலப்போக்கில் கெடும். பழைய தமிழ் நூல்களை மின்னூலாக்கிவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம் இவற்றுக்கும் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். இனி மக்கள் பணத்தில் உருவாகும் எந்தக் கல்விச் செயலியானாலும், மூலக் கோப்புகளும் யூனிகோட் எனும் ஒருங்குறியில் தட்டிய உரையும் ஒப்படைக்கப்படாமல் கடைசித் தவணைப் பணத்தைத் தரக் கூடாது. இன்றைய செயலிகளும் இன்னும் 15 ஆண்டில் வெள்ளைக் கட்டமாகலாம்.

சாரின் பேத்தி இதயத்தைப் பார்த்துவிட்டாள். கேள்விகளை நான் ஒருங்குறியில் மறுபடி தட்டிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் இருபது. பன்னிரண்டு முடிந்துவிட்டன.