சித்தன்னவாசல் செல்லும் சங்கத்தாருக்கு

ஆண்டுக்கொரு முறை அங்கத்தினர்களை வெளியூர் அழைத்துச் செல்லும் நல்வழக்கம் நம் சங்கங்கள் பலவற்றில் இருந்து வருகிறது. தறியையும் ஏரையும் ஒரு நாள் ஓயவிட்டுப் பிற ஊர்களைக் கண்டு வருவது உடலுக்கும் உள்ளத்துக்கும் நன்மையே. ஆனால், பஸ் புறப்பட்டதும் தஞ்சை, மதுரை என்று விரைந்துவிடுகிறோமேயன்றி, இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள புதுக்கோட்டைச் சீமையில் இறங்கிப் பார்ப்போர் சிலரே. அவர்களிலும், பார்க்கும் முறை இன்னதென்று எண்ணிச் செல்வோர் மிகச் சிலர். இவ்விரு குறைகளையும் குறித்தே எழுதுகிறோம்.

இச்சீமை முற்காலத்தில் எல்லைப்புறம். சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் வெள்ளாறே எல்லையென வழங்கியது. விராலிமலைக்கு அருகிலுள்ள கொடும்பாளூர் அவ்வெல்லைப்புறத்தின் தலைநகராக விளங்கிற்று. உறையூரிலிருந்து மதுரை செல்லும் வழி அங்கே மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரமும் கூறுகிறது. அங்கிருந்து ஆண்ட இருக்குவேளிருள் பூதி விக்கிரமகேசரி என்பவன், தன் பெயராலும் தன் தேவியரான கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் மூன்று கோயில்கள் எடுத்தான். மூவர் கோயில் எனப்படும் அவற்றுள் இன்று நிற்பவை இரண்டே. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. தலைநகரமோ சிற்றூராகிவிட்டது.

அங்கிருந்து சித்தன்னவாசலுக்கு வருவோர் வேறொரு பாடத்தைக் காண்பர். குன்றின்மேல் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில் சமண முனிவர்கள் துயின்ற கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் பெரியதொன்றில், இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்து காணப்படுகிறது. குன்றின் மற்றொரு புறத்தில் பாறையைக் குடைந்து அமைத்த அறிவர் கோயில் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்து, முகமண்டபமும் எடுப்பித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. அம்மண்டபமும் பிற்காலத்தில் அழிந்தது. சென்ற நூற்றாண்டில் புதுக்கோட்டை சமஸ்தானத்தார், குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொணர்ந்து முன்புறத்தில் புதிய மண்டபம் அமைத்தனர். இன்று மத்திய அரசின் தொல்லியல் துறை இதனைக் காத்து வருகிறது.

எனவே, நாம் காண்பது ஒரு காலத்தார் மட்டும் செய்துவைத்த பொருளன்று. குடைந்தவர் ஒருவர், பழுது பார்த்தவர் ஒருவர், மழையும் வெயிலும் படாமல் மறைத்தவர் மற்றொருவர். எல்லை பலமுறை மாறியது. ஆண்டவர் குலமும் மாறியது. தன் முறை வந்தபோது யாரோ ஒருவர் பொறுப்பேற்றதனாலேயே இது நின்றது.

கூரையிலுள்ள ஓவியத்தை நம் அங்கத்தினர் அவசியம் காண வேண்டும். அது ஒரு தாமரைக் குளம். மீன்களும் அன்னங்களும், குளத்தில் இறங்கிய யானையும் எருமையும், தாமரை கொய்யும் மனிதரும் அதில் உள்ளனர். சமவசரணம் என்னும் சமண மரபை அது குறிப்பதாக அறிஞர் கூறுவர். எருமை நீரில் நிற்கும் நிலையைச் சரியாகத் தீட்டியிருக்கிறானா என்று கூற நம் விவசாயியை விடத் தக்கவர் யார்? தூண்களில் எஞ்சியுள்ள நடன மாதரின் அணிகளையும் வண்ண இசைவையும் நம் நெசவாளர் பார்த்தால், படித்தவர் காணாத நுட்பம் சிலவற்றைக் கண்டு சொல்லக்கூடும்.

ஆனால் இவ்வோவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின்மீது தீட்டப்பட்டவை. பெரும்பகுதி ஏற்கெனவே மறைந்துவிட்டது. இடிந்த மண்டபத்தை மீண்டும் எடுக்கலாம். அழிந்த கோட்டை அவ்வோவியன் கையால் மீண்டும் வரைவிக்க இயலாது. இதை அறியாமல் பழங்கோயில்களிலும் குகைகளிலும் பெயரைக் கீறி வருவோர் இன்றும் உள்ளனர். அவ்வாறு சேதப்படுத்துவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். எனினும், துணை விதிகளை அச்சிட்டு வைத்த மாத்திரத்தில் சங்கம் நடந்துவிடாதென்பதை நாம் அறிவோம். அங்கத்தினர் தமதென்று கருதினாலன்றிப் பொதுச் சொத்து நிலைப்பதில்லை.

“இதனால் நூல் விலை குறையுமா, உரம் கிடைக்குமா?” என்று சிலர் வினவலாம். குறையாது, கிடைக்காது. ஆயினும், நமக்குப் பின் வருவோருக்காக இன்று பழுது பார்ப்பது என்னும் பழக்கம் இல்லாத சங்கத்தில் கிடங்கும் நிலைக்காது, சேமநிதியும் நிலைக்காது. அப்பழக்கத்தைக் கண்ணாரக் கற்பிக்கும் இடம் இது.

ஆகவே, நிர்வாகக் குழுவினர் முன்கூட்டியே திட்டமிடுவது நலம். வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டம் சென்று இறங்கிவிட வேண்டும். அறிவர் கோயிலுக்குள் ஐம்பது பேரும் ஒருங்கே நுழையாமல், பத்துப் பத்துப் பேராகச் செல்க. சுவரையும் தூணையும் தொட வேண்டா. விளக்கிச் சொல்ல ஓர் அங்கத்தினர் முன்னரே படித்து வரட்டும். திரும்புகையில் திருக்கோகர்ணத்தில் 1910-இல் நிறுவப்பட்ட அருங்காட்சியகத்தையும் காண்க. பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்க. பொறுப்பேற்கும் அடுத்த முறை அவர்களுடையது.